சூடேறினால் நிற்கும் ஈரோட்டுப் போர்டு

4-4-94 திங்கள்

ஈரோட்டுப் போர்டு இன்று காலை செத்த நிலையில் வந்து சேர்ந்தது. பொன்னுசாமி அண்ணன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். மஞ்சள் மூட்டைச் சாக்கைக் கிழித்துச் சுற்றியிருந்தது. அவிழ்த்ததும் மேஜையெல்லாம் மஞ்சள் தூள். மஞ்சள் மண்டிக்காரர் வீடியோ கேம் ஹால் வைத்தால் இப்படித்தான்.

வெயில் காலையிலேயே தாங்கவில்லை. எங்கள் துடியலூரில் தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

விமானச் சண்டை ஆட்டத்தின் சர்க்யூட் போர்டு. அவர் ஹாலில் இருக்கும் ஏழு மெஷினில் கூட்டம் வரிசை கட்டி நிற்பது இதற்குத்தான். மற்ற ஆறும் இதில் இடம் கிடைக்காதவர்கள் ஆடுவது.

பார்த்தவை: ஐந்து வோல்ட் சரியாக வருகிறது. தாளம் போடும் கிரிஸ்டல் துடிக்கிறது. திரையில் அசையாத, கட்டம் கட்டமான குப்பை. புராசஸரைத் தொட்டேன், விரல் சுட்டது. அதுதான் போயிருக்கிறது.

எப்போதும் செய்வதைச் செய்தேன். மூலையில் கிடந்த பழைய போர்டிலிருந்து ஒரு இசட்-80 புராசஸர் சிப்பைப் பிடுங்கி இதில் குத்தினேன். அதே பேர், அதே நாற்பது கால். ஆட்டம் வந்துவிட்டது! சத்தம் கேட்டு வீட்டுக்காரி சரசு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

உடனே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஈரோட்டுக்குப் போன்.

"சரி பண்ணிப்போட்டேனுங்ணா."

"அட, அதுக்குள்ளயா? கெட்டிக்காரருதானுங் தம்பி. அப்படீன்னா மத்த ஆறையும் நீங்களே வருசம் பூராப் பாத்துக்கறதப் பத்திப் பேசலாமுங்."

இரண்டு வருடமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறேன். கழிவுப் பஞ்சு வியாபாரத்தை விட்டுவிட்டு இதில் இறங்கியதிலிருந்து எல்லாமே உதிரி வேலை. ஒரு ஹால் முழுதாகக் கைக்கு வந்ததில்லை.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தால் விமானம் நடுவானில் நிற்கிறது. போட்ட குண்டு பாதி வழியில். அணைத்துப் போட்டேன், ஓடியது. சாப்பிட்டு வந்து பார்த்தேன், நின்றிருந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

5-4 செவ்வாய்

ரோஸி வந்தாள். ஈஸ்டருக்கு ஆனைமலை போய் அப்பனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். தூக்குப்போசி நிறையப் பிரியாணி. டி.வி. கம்பெனியில் சால்டரிங் வரிசையில் இருந்தவள். கம்பெனியை மூடிய பிறகு என்னிடம் கூலிக்கு வேலை செய்கிறாள். கை சுத்தம். வாய் அதைவிட வேகம்.

போர்டைப் பார்த்த உடனே:

"ஏனுங்ணா, சிப்புல கடைசி எழுத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துப்போட்டுமா இதைக் குத்துனீங்க?"

செத்த சிப்பில் கடைசி எழுத்து பி. நான் போட்டதில் ஏ. ஏ என்றால் நாலு மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உத்தரவாதம். பி என்றால் ஆறு. இந்தப் போர்டு ஆறில் விரட்டுகிறது. எனக்குத் தெரியாததல்ல. ஓடிவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

"நாலுல நடக்கறவன ஆறுல ஓடச் சொன்னா மொதல்ல ஓடுவான். வேர்த்துப்போச்சுன்னா உக்காந்துக்குவான்," என்றாள்.

சோதித்தோம். டேபிள் ஃபேனைச் சிப்பின் மேல் திருப்பினால் ஓடுகிறது. ஃபேனை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் விமானம் நிற்கிறது. சந்தேகமே இல்லை.

மனசு குறுக்கு வழிக்குப் போனது. "கேபினட்டுக்குள்ள சின்னதா ஒரு ஃபேன் வெச்சு அனுப்பிப்போட்டா?"

"ஈரோட்டுல, தகரக் கூரைக்குக் கீழ, சித்திரை மாசத்துல. அந்த ஃபேன் அனலத்தானுங்ணா அடிக்கும். அப்பறம் பொன்னுசாமியண்ணன் வந்து உங்கள அடிப்பாரு."

சரி, வேறு வழி. போர்டையே மெதுவாக ஓட்டினால்? பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை (போர்டு அதைப் பாதியாக்கிச் சிப்புக்குக் கொடுக்கும்) எடுத்துவிட்டு எட்டு மெகாஹெர்ட்ஸ் போட்டுப் பார்த்தேன். திரையில் படம் கிழிந்து கிழிந்து ஓடியது. படத்துக்கும் அதே கிரிஸ்டல்தான் தாளம் போடுகிறது. பழையதையே திரும்ப வைத்தேன்.

ஆக, நிஜமான பி வேண்டும். கோயமுத்தூர்க் கடைகளில் ஏ தவிர வேறு இல்லை. மெட்ராஸ் வியாபாரிக்குப் போன். "ஒரிஜினல் பீஸ் சார், கண்ணை மூடிட்டு போடுங்க." இரண்டு அனுப்பச் சொன்னேன்.

பிரியாணி நன்றாக இருந்தது. சரசு இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.

6-4 புதன்

பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஸ்கூட்டருக்கு டியூப் மாற்றினேன். வேறொன்றும் இல்லை.

7-4 வியாழன்

பார்சல் வந்தது. இரண்டு சிப். பளபளவென்று, புதுச் செருப்பு மாதிரி. கடைசி எழுத்து பி.

முதலாவதைக் குத்தினோம். ஓடியது. யாருக்கும் போன் செய்யவில்லை, இந்தத் தடவை புத்தி இருந்தது. மதியச் சாப்பாடு தாண்டியும் ஓடியது. டீ குடிக்கும் நேரத்தில் நின்றது. இரண்டாவதும் அப்படியே. ஃபேனைத் திருப்பினால் உயிர் வருகிறது.

ரோஸி போர்டில் வேறு கோளாறு தேட ஆரம்பித்தாள். எனக்கு அந்தப் பளபளப்பிலேயே கண். பஞ்சு வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு: பொதி மேலே ரொம்ப வெள்ளையாக இருந்தால் கையை அடிவரைக்கும் விட்டுப் பார்ப்பது. பெயின்ட் தின்னரில் பஞ்சை நனைத்துச் சிப்பின் முதுகைத் தேய்த்தேன். பஞ்சு கறுப்பாகிவிட்டது. எழுத்து மொத்தமும் வந்துவிட்டது. அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடு. கோட்டுக்குள் மங்கலாக, பழைய எழுத்து. ஏ.

ஏ-யைத் தேய்த்து, கறுப்பு பூசி, பி என்று அச்சடித்து விற்றிருக்கிறான்.

போன் செய்தேன்.

"சார், போர்டுல வேற ஃபால்ட் இருக்கும். சிப்பைக் குறை சொல்லாதீங்க."

"பஞ்சுல தொடச்சா எழுத்து கையோட வருது. அதுவும் போர்டு ஃபால்ட்டுங்களா?"

"லைன் சரியில்ல சார்..."

வைத்துவிட்டான். இனி சிப் எங்கே வாங்கினாலும் முதலில் தின்னர், பிறகுதான் காசு.

8-4 வெள்ளி

பொன்னுசாமி அண்ணனே நேரில் வந்துவிட்டார். இந்தப் பக்கம் ஒரு கல்யாணமாம். வெள்ளை வேட்டி, கையில் தாம்பூலப் பை. நேராக மேஜைக்கு வந்தார்.

"எங்கீங் தம்பி, ஓடுதுன்னீங்க?"

மறைக்கவில்லை. ஓடியது, சூடேறினால் நிற்கிறது, நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டேன் என்றேன். தேய்த்த சிப்பையும் பஞ்சையும் காட்டினேன்.

பஞ்சை வாங்கி மோந்து பார்த்தார். "மஞ்சளுக்குச் சாயம் போட்டு விக்கறவன் எங்கூர்லயும் இருக்கறானுங். அது கெடக்கட்டும். எனக்கு என்ன வழி?"

ஹாலுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். சித்திரை ஒன்றாம் தேதி திறப்பு. பள்ளிக்கூடம் விட்டால் கூட்டம் அள்ளும். மெட்ராஸிலிருந்து ஒரு பார்ட்டி வந்து ஏழு மெஷினையும் எடுத்துக்கொண்டு புது மெஷின் வைக்கிறேன், வருமானத்தில் பங்கு கொடு என்று கேட்டிருக்கிறான்.

"எனக்குப் பங்கு குடுக்கறதுல இஷ்டமில்லீங். ஆனா திறக்கற அன்னிக்கு இந்த மெஷின் இருண்டு கெடந்தா எவன் உள்ள வருவான்? புதன்கெழம சாயங்காலம் இது ஈரோட்டுல ஓடோணும். இல்லீன்னா அவன்கிட்ட ஒப்படைச்சுப்போடறேன். அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாதுங்."

"ஓடும்ங்ணா."

"இப்பிடித்தான் திங்கக்கெழமயும் சொன்னீங்."

மோர் குடித்துவிட்டுப் போனார். அந்த மெட்ராஸ் பார்ட்டி ஈரோட்டில் கால் வைத்தால் அடுத்தது திருப்பூர், கரூர். எனக்கு இந்தத் தொழிலில் இடமே இருக்காது. திரும்பிப் பஞ்சுக்குப் போக மாட்டேன். முடியாது.

9-4 சனி

குளிக்கும்போது தோன்றியது. கழிவுப் பஞ்சு எடுக்க மில்லுக்குப் போகும் காலத்தில் பார்த்திருக்கிறேன்: நூலைக் கோனில் சுற்றும் வெளிநாட்டு மெஷின்களுக்கு உள்ளே எலக்ட்ரானிக் கார்டு. ரிப்பேர் என்றால் கார்டோடு மாற்றுவார்கள். கழித்த கார்டு ஏலத்தில் பழைய இரும்போடு போகும். அதில் இருக்கும் சிப்பை எவனும் தேய்த்திருக்க மாட்டான், ஏனென்றால் எவனும் அதை விற்கவே நினைத்ததில்லை.

உக்கடம், காதர் பாய் கடை. பழைய இரும்பு, மோட்டார், ஒயர். பின்னால் மூன்று சாக்கில் மில் கார்டு. நான்காவது கார்டிலேயே இருந்தது. இசட்-80, எண்ணின் நடுவே ஒரு சி, கடைசியில் ஆறு மெகாஹெர்ட்ஸ் குறி. முகத்தில் காட்டவில்லை. கார்டைச் சாக்கில் போட்டுவிட்டுப் பக்கத்தில் கிடந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் பார்த்தேன்.

"காப்பர் என்ன விலைங்க பாய்?"

"காப்பருக்கு வந்தவரு கார்டை ஏனுங்க இத்தன நேரம் புரட்டுனீங்க?"

"சும்மா, பொழுது போகோணுமில்லீங்க."

"எனக்கும் பொழுது போகலீங்க. எந்தக் கார்டுன்னு சொல்லுங்க, அதுக்கு மட்டும் தனி விலை சொல்றேன்."

"எந்தக் கார்டும் வேண்டாம். சாக்கோட எடை போடுங்க, மேஜைக்காலுக்கு முட்டுக் குடுக்கறதுக்கு ஆகும்."

அவர் சிரித்துவிட்டார். "பஞ்சுல இருந்தப்பவும் இப்படித்தான். ஒரு மூட்டைக்குப் பத்து மூட்டையப் புரட்டுவீங்க."

ஒரு சாக்கு முழுசும் எடைக் கணக்கில் எடுத்தேன். அவருக்கு ஏமாந்தது போல ஒரு சந்தேகம், எனக்கு அதிகம் கொடுத்தது போல ஒரு சந்தேகம். அப்படியென்றால் விலை சரிதான். டீ அவர் செலவு.

கடை வாசலிலேயே தின்னர் போட்டுத் துடைத்தேன். எழுத்து அசையவில்லை.

10-4 ஞாயிறு

ரோஸி கோயில் முடிந்து நேராக இங்கே. மில் கார்டில் சிப் சாக்கெட்டில் இல்லை, நேராகப் பற்றவைத்திருக்கிறது. அதற்கு மேல் பஞ்சுத் தூசிக்காகக் கண்ணாடி மாதிரி வார்னிஷ். ஒன்றுதான் இருக்கிறது. மற்ற கார்டுகளில் எல்லாம் ஏ.

"அடுப்புல காட்டுனா மொத்தமா உளுந்துரும். கார்டு போனாப் போகுது," என்றேன்.

"சிப்பும் சேந்து போகும். நீங்க அக்கட்ட போயி உக்காருங்ணா. பக்கத்துல நின்னு மூச்சு உட்டீங்கன்னா எனக்கு வேல ஓடாது."

வார்னிஷைச் சுரண்டி, ஒவ்வொரு காலாக ஈயத்தை உறிஞ்சி எடுத்தாள். நான் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஒரே பக்கத்தையே படித்தேன் போல.

"ஐயோ" என்று ஒரு சத்தம். ஓடினேன். ஒரு கால் வேரோடு ஒடிந்துவிட்டது.

அவள் அழவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒடிந்த இடத்தில் சிப்பின் உடம்பை நகவெட்டி அரத்தால் துளி ராவினாள். உள்ளே உலோகம் மினுக்கியது. ரெசிஸ்டரிலிருந்து வெட்டிய கம்பியை அதில் பற்றவைத்துக் கால் ஆக்கினாள். "பொய்க்காலு. ஆனா நிக்கும்," என்றாள். சரசு கொடுத்த காபி ஆறிப்போய் இருந்ததையே மடக்கென்று குடித்தாள்.

குத்தினோம். திரை கறுப்பு. ஒன்றுமே இல்லை. குப்பைகூட இல்லை.

அவள் பஸ்ஸுக்குப் போனாள்.

11-4 திங்கள்

விடிந்ததும் மேஜைக்கு வந்துவிட்டேன். பதறாமல் ஒவ்வொன்றாக.

முதல் கேள்வி: சிப் செத்ததா? நான் ஏ பிடுங்கிய பழைய போர்டில் இதைக் குத்தினேன். அந்த ஆட்டம் உடனே வந்தது, பொய்க்காலோடு. சிப் உயிரோடுதான் இருக்கிறது. சூடும் இல்லை, நடுவில் சி போட்டது கரண்ட் குறைவாகத் தின்னும் ரகம்.

இரண்டாவது: அப்படியானால் அங்கே ஓடுவது இங்கே ஏன் ஓடவில்லை? மீட்டரை எடுத்து இரண்டு போர்டிலும் சாக்கெட்டின் ஒவ்வொரு காலாகத் தொட்டு ஒப்பிட்டேன். ஆறாவது கால், கிரிஸ்டலின் துடிப்பு வரும் கால். பழைய போர்டில் மீட்டர் முள் பாதி வரை எழுகிறது. ஈரோட்டுப் போர்டில் சோம்பலாக அதற்குக் கீழேயே நிற்கிறது.

பிறகு மில் கார்டைத் திருப்பிப் பார்த்தேன். அதில் ஆறாவது காலுக்கும் ஐந்து வோல்ட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டர், துடிப்பை மேலே தூக்கிப் பிடிக்க. பழைய போர்டிலும் இருக்கிறது. ஈரோட்டுப் போர்டில்? அதிலும் இருக்கிறது. ஆனால் அதன் காலடியில் பச்சையாகக் களிம்பு. எவனோ மெஷின் மேல் கலர் சோடா பாட்டிலை வைத்துச் சிந்தியிருக்கிறான். இன்னும் பிசுபிசுக்கிறது. நகத்தால் தொட்டேன், ரெசிஸ்டர் கையோடு வந்துவிட்டது. பழைய ரகச் சிப்கள் அந்த அரைகுறைத் துடிப்பிலும் சமாளித்திருக்கின்றன. இது கறாரான சிப், முழுசாக வந்தால்தான் எழுந்திருக்கிறது.

ரோஸி வந்ததும் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "அட கெரகமே. இத்தன நாளா இதுமேலதானுங்ணா நான் சால்டரிங் கம்பிய சாச்சு வெச்சிருந்தேன்."

புது ரெசிஸ்டர் வைத்தாள். குத்தினோம்.

விமானம் பறந்தது.

போன் செய்யவில்லை. மாறாக, மில் சிப்பை எடுத்துவிட்டு மெட்ராஸ் சிப்பைத் திரும்பக் குத்தினேன். ரோஸிக்கு எரிச்சல். "வந்தத எதுக்குக் கெடுக்கறீங்க?" தெரிந்தாக வேண்டும். கோளாறு ரெசிஸ்டர் மட்டும்தானா, சிப்பும்தானா? சூடேறியதும் நின்றது. ஆக இரண்டும். போர்டில் வேறு கோளாறு என்று மெட்ராஸ் சிப் வியாபாரி சொன்னதும் பாதி நிஜம். அதை அவனிடம் சொல்லப் போவதில்லை.

மில் சிப்பை நிரந்தரமாக வைத்தோம்.

12-4 செவ்வாய்

சூட்டுச் சோதனை. அட்டைப் பெட்டிக்குள் போர்டு, கூடவே எரியும் நூறு வாட் பல்ப், மேலே சாக்கு. ஈரோட்டுத் தகரக் கூரையை விட இது மோசம்.

சும்மா ஓடினால் போதாது, ஆடினால்தான் சிப்புக்கு முழு வேலை. ரோஸிக்கு வேறு வேலை, எனக்கு ஆடத் தெரியாது. சரசுவை உட்கார வைத்தேன். "இதென்னங்க, சின்னப் புள்ளையாட்ட" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாள்.

மதியம் சோறு வைக்க எழுந்திருக்கவில்லை. நானும் ரோஸியும் பழைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்தோம்.

சாயங்காலம் கத்தினாள். அதிகப் புள்ளிக்காரர் பட்டியலில் முதல் இடம்; பேர் கேட்கிறது. மூன்று எழுத்துத்தான் ஏற்குமாம், தன் பேரின் மூன்று எழுத்தைப் போட்டுவிட்டாள். சோதனை போதும் என்று சுவிட்சுக்குப் போனேன்.

"அணைச்சா பேரு போயிருமா?"

"போயிரும்."

"அப்ப அணைக்காதீங்க."

ரோஸி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போர்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. இதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

சரசு கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அணைத்தேன். கரண்ட் போயிருச்சு என்று சொல்லியிருக்கிறேன்.

13-4 புதன்

காலை பஸ்ஸில் ரோஸியும் நானும் ஈரோடு. போர்டு என் மடியில். இந்தத் தடவை சாக்கு இல்லை, சுத்தமான துணி.

ஹாலில் புதுப் பெயின்ட் வாடை. தகரக் கூரை கொதித்தது. போர்டை மாட்டிப் பதினொரு மணிக்குப் போட்டோம். பொன்னுசாமி அண்ணன் மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வேர்க்க வேர்க்கப் பார்த்தார். மண்டியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. உச்சி வெயில் தாண்டியது. கேபினட்டைத் தொட்டுப் பார்த்தார், கையை உதறினார். விமானம் போய்க்கொண்டே இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு எழுந்தார். "சரீங் தம்பி. மெட்ராஸ்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிப்போடறேன். ஏழையும் நீங்களே பாருங்க."

நிம்மதியை வெளியே காட்டாமல் பேரம் ஆரம்பித்தேன். அவரும் சளைத்தவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்றால் என்ன தருவீர்கள் என்று அவர்தான் முதலில் கேட்டார். மாசம் ரெண்டு தடவை நான் வாரேன் என்றேன்.

"நீங்க வராட்டியும் குத்தமில்லீங். இந்த அம்மணி வரோணும்."

ரோஸி ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வாரேனுங்க. ஆனா கூலிக்கு இல்லீங்க, பங்குக்கு." சொன்னது அவரிடம். பார்த்தது என்னை.

பொன்னுசாமி அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. "மெட்ராஸ்காரன் எங்கிட்டக் கேட்டான், இவுங்க உங்ககிட்டக் கேக்கறாங்க."

திரும்பும் பஸ்ஸில் மூன்றில் ஒன்று என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெருந்துறை வரை யோசித்தேன். அந்தப் பொய்க்காலை நான் வைத்திருக்க முடியாது. ரெசிஸ்டரை அவள் கண்டுபிடித்திருக்க மாட்டாள். வேறு எவனாவது அவளைக் கூப்பிட்டால் எனக்கு ஈரோடு இல்லை. அவிநாசி வருவதற்குள் சொல்லிவிட்டேன்.

முடிவானது: மெஷினுக்கு மாதம் நூற்றிருபது, ஏழுக்கும். சிப் வாங்கிய விலைக்கே, அவர் கண் முன்னால் தின்னர் போட்டுத் துடைத்த பிறகு. பஸ் சார்ஜ் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை நின்றால் அந்த மெஷினுக்கு அந்த மாதம் காசு இல்லை. வருவதில் ரோஸிக்குச் சரிபாதி.